மறுபாதி சொன்னவர்

மலையடிவாரத்து மடத்தில் விடியும் முன்பே கரியடுப்பு புகையத் தொடங்கிவிடும். அடுப்பின் முன் சந்தியாகு சகோதரர் நிற்பார். கோதுமை மாவை நீர்க்கக் கரைத்து, நீண்ட பிடி போட்ட இரும்பு அச்சில் ஒரு கரண்டி ஊற்றி, மூடித் தணலில் வைப்பார். சிலுவை பதிந்த மெல்லிய அப்பம் வெந்து வரும். பூசையில் அதை ஏந்திப் படைப்பவர்கள் குருக்கள். சுட்டுக் கொடுப்பதோடு சகோதரருடைய பங்கு முடிந்தது.

அவரும் குருவாக ஏங்கியவர்தாம். உப்பளத்தில் கூலி செய்த விதவைத் தாய் தம் ஒரே மகனைக் கடவுளுக்கென்று கொண்டுவந்து விட்டார். ஆனால் பிள்ளைக்கு நாக்கு திக்கியது. திக்குகிறவர் பூசை வைப்பது எப்படி என்று கேட்டார்கள். குருப்பட்டம் இல்லாத பிரதராகவே இருக்கச் சொன்னார்கள். இருந்தார்.

நம் செபமாலையில் ஒருவர் "அருள் நிறைந்த மரியே" என்று விண்ணரசியை அழைத்துத் தொடங்கி, முதல் பாதியைச் சொல்லி நிறுத்த, மற்றவர்கள் மறுபாதியைச் சொல்லி முடிப்பது வழக்கம். மடத்தில் ஆளுக்கொரு முறை வரும். சந்தியாகுவின் முறை வந்தால் மட்டும் அவர் நடுவில் தடுமாறி நிற்கும்போதே எதிர்ப்பக்கம் மறுபாதியைத் தொடங்கிவிடும். பசிக்கும் நேரம் அல்லவா! ஒருமுறைகூட அவர் முதல் பாதியை முடித்ததில்லை.

அப்படிப்பட்டவர் அடுப்படியில் என்ன செய்தார் தெரியுமா? அச்சைத் தணலில் வைத்ததும் முதல் பாதியைச் சொல்வார். ஓர் எழுத்துகூடத் திக்காது. பிறகு வாயை மூடிக்கொண்டு தலையைச் சற்றே சாய்த்து நிற்பார். கொஞ்ச நேரம் கழித்து "ஆமென்" என்று அச்சைத் திறப்பார். அப்பம் பால் போல வெந்திருக்கும்.

சமையல்காரர் பங்கிராசுக்கு இது பெரிய வேடிக்கை. "எங்கிட்ட உப்பு கேக்குறதுக்குள்ள உலை பொங்கிருது. அடுப்புகிட்ட மட்டும் எப்படி பிரதர் ஆறா ஓடுது?" என்று மடமெங்கும் சொல்லிச் சிரித்தார். பேச்சு மடத்து அதிபர் சிங்கராயர் காதுக்கும் போனது. அவர் நேரில் வந்தார்.

"பாதிச் செபத்தோட நிறுத்துறீராமே. மீதியை யாருய்யா சொல்றது?"

"ப... பதில் வருதுங்க, சாமி."

"அடுப்புக்குள்ள இருந்தா?"

பங்கிராசு வாயைப் பொத்திக்கொண்டார். சந்தியாகு தரையைப் பார்த்தார். "அ... அவங்க, நான் மு... முடிக்கிற வரைக்கும் கா... காத்திருப்பாங்க, சாமி."

அதிபருக்குக் கவலையாகிவிட்டது. ஒரு துறவி இல்லாத குரலைக் கேட்கத் தொடங்கினால் அது எங்கே போய் முடியும்? "இனிமே முழுச் செபத்தையும் நீரே சொல்லும். இது கட்டளை" என்றார்.

சந்தியாகு கீழ்ப்படிந்தார். அன்றுமுதல் அடுப்பின் முன்பும் நாக்கு திக்கியது. செபம் நீள நீள அப்பம் கருகியது. பெரிய திருநாளுக்குச் சுட்டது முழுவதும் பழுப்பேறிப் போகவே, அவரை மாட்டுத் தொழுவத்துக்கு அனுப்பினார்கள். தம்மோடு பேசிக்கொண்டிருந்த ஒரே குரலும் போனது என்று அவர் யாரிடமும் முறையிடவில்லை. சாணி அள்ளியபடியே முழுச் செபத்தையும் திக்கித் திக்கிச் சொல்லி வந்தார்.

"மாடு பதில் சொல்லுதா, பிரதர்?" என்று கேட்டார் பங்கிராசு.

"சொ... சொல்லலை. ஆனா பொ... பொறுமையா கேக்குது" என்றார். இப்போது பங்கிராசுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆண்டுகள் ஓடின. நெஞ்சில் சளி கட்டிச் சந்தியாகு படுக்கையில் விழுந்தார். சாகும் தறுவாயில் கொடுக்கும் அவஸ்தைப்பூசுதலைக் கொடுத்துவிட்டு அதிபர் அருகிலேயே உட்கார்ந்திருந்தார். சகோதரர் கண் திறந்து, "சாமி... பா... பாதி மட்டும் சொல்லட்டுமா?" என்று கேட்டார்.

அதிபருக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. தாம் மறந்தே போன கட்டளையை இந்த மனிதர் இத்தனை காலம் சுமந்திருக்கிறார்! "சொல்லும் பிரதர்" என்றார்.

சந்தியாகு தொடங்கினார். மூச்சு வாங்கியது, சொல் உடைந்தது, நின்றது. அதிபரின் உதடுகள் பழக்கத்தால் மறுபாதிக்கு அசைந்தன. கடித்துக்கொண்டார். முதன்முறையாக, சந்தியாகு முடிக்கும்வரை காத்திருந்தார். "இயேசுவும் ஆசீர்வதிக்கப்பட்டவரே" என்று சகோதரர் முடித்தார்.

இப்போது பதில் சொல்ல அதிபர் வாயெடுத்தார். ஆனால் சகோதரரின் தலை ஏற்கனவே மறுபக்கம் சாய்ந்திருந்தது, அடுப்படியில் சாயுமே அதுபோல. முகத்தில் அப்படியொரு மலர்ச்சி. அதிபர் முழந்தாளிட்டு மௌனமானார். மறுபாதி சொல்லி முடிக்கும் நேரம் கழிந்தது.

"ஆமென்" என்றார் சந்தியாகு, தெளிவாக. அத்துடன் மூச்சு நின்றது.

அந்த மௌனத்தில் உங்களுக்கு ஏதாவது கேட்டதா என்று பலரும் அதிபரிடம் விசாரித்தார்கள். அவர் பதில் சொன்னதில்லை. ஆனால் அதன்பின் அம்மடத்துச் செபமாலையில், முதல் பாதி முடிந்தாலும் ஒரு மூச்சு விட்டுத்தான் மறுபாதியைத் தொடங்குவார்கள்.

விண்ணரசி காத்திருந்து கேட்ட அந்த நாவு வாழ்க.