பதிமூன்றாவது ‘லி’

புஷ்பலீலாவுக்கு நாற்பத்து நான்கு வயது. மார்த்தாண்டத்தில் ஒரு மருத்துவமனையில் இருபது வருடமாக நர்ஸ். அயர்லாந்தில் வேலை தயாராக இருந்தது. ஆங்கிலப் பரீட்சையில்தான் இரண்டு முறை தவறிவிட்டார். மூன்றாவது முறை எழுத இன்னும் நான்கு நாள்.

அவருக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த ஷாஹிதாவுக்கு இருபத்தேழுதான். ஆனாலும் இவர் அவளை டீச்சர் என்பார். அவள் இவரை அக்கா என்பாள்.

அந்த வாரப் பாடம் எளிது. ஆளைச் சொன்னால் ‘ஸ்லோ’. அவர் நடப்பதைச் சொன்னால் ‘ஸ்லோலி’. கடைசியில் ஒரு ‘லி’, அவ்வளவுதான். வார்டில் மாத்திரை கொடுத்துக்கொண்டே புஷ்பலீலா பன்னிரண்டு சொற்களை முணுமுணுத்துப் பழகினார். க்விக், க்விக்லி. கைண்ட், கைண்ட்லி. ஒன்றுகூடப் பிசகவில்லை.

அன்று ஷாஹிதா பக்கத்து அறைக்குப் போய், அங்கிருந்து செல்போனில் அழைத்தாள்.

"நான் டாக்டர். நீங்க வார்டில் இருக்கீங்க. பேஷண்ட் எப்படி இருக்கார்? இங்கிலீஷில் சொல்லுங்க."

நோயாளி மாடிப்படி ஏறி வந்திருக்கிறார், மூச்சு வாங்குகிறது என்று புஷ்பலீலா மனதில் வைத்துக்கொண்டார்.

"ஹி இஸ் ஹார்ட்லி ப்ரீதிங், டாக்டர்."

"உடனே ட்யூப் போட ரெடி பண்ணுங்க. ஓடி வர்றேன்."

"ட்யூபா? எதுக்கு? மனுஷன் உட்கார்ந்து டீ குடிக்கிறார், டீச்சர்!"

ஷாஹிதா உள்ளே வந்தாள். "மூச்சே நின்னுடும் போல இருக்குன்னு சொன்னீங்களே அக்கா."

"பலமா மூச்சு வாங்குதுன்னுதானே சொன்னேன். ஹார்ட்னா பலம். ஹார்ட், ஹார்ட்லி."

"அதுக்கு ‘ஹார்ட்’ மட்டும் போதும். ‘லி’ சேர்த்தா, மூச்சு இருக்கா இல்லையான்னே தெரியலன்னு ஆயிடும்."

புஷ்பலீலாவின் முகம் வெளுத்துவிட்டது.

"பரீட்சை போனா போகட்டும். அங்கே நிஜ டாக்டர்கிட்ட இப்படிச் சொல்லியிருந்தா?"

புஷ்பலீலா நோட்டைப் பைக்குள் போட்டு எழுந்தார்.

"என்னால ஆகாது டீச்சர். பன்னிரண்டு சொல்லுக்குச் சரியா இருந்த ‘லி’ பதிமூணாவதுல காலை வாரிடுது. எனக்கு எப்படி முன்னாடியே தெரியும்?"

"ஒரே ஊசி மருந்து. பன்னிரண்டு பேருக்கு ஒத்துக்கிச்சு. பதிமூணாவது ஆளுக்கு உடம்பெல்லாம் தடிச்சுப்போகும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது. அதான் துளி மருந்தை முதல்ல தோலுக்கடியில் போட்டுப் பார்ப்போம்."

"பன்னிரண்டு பேருக்கு ஒத்துக்கிச்சேன்னு நேரா போட மாட்டீங்களா?"

"ஒருநாளும் மாட்டேன்."

"பயந்துக்கிட்டு ஊசியே வேண்டாம்னு வீட்டுக்குப் போயிடுவீங்களா?"

"நல்லா இருக்கே! அப்புறம் நோயாளியை யாரு பார்க்கிறது?"

ஷாஹிதா மேசையிலிருந்த அகராதியை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"அடுத்த சொல் ‘லேட்’. துளி போட்டுப் பாருங்க அக்கா."