அக்காரா சுட்ட பவளாயி

முன்னொரு காலத்தில், அலைகள் ஒன்றையொன்று பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்ட காலத்தில், நண்டுத்துறை என்றொரு பட்டினம் இருந்தது. அந்தப் பட்டினத்தில் பவளாயி என்றொருத்தி இருந்தாள். அரண்மனைச் சமையல்காரி இல்லை, கடை வைத்தவளும் இல்லை. தன் வீட்டு அடுப்பில் தன் வீட்டுக்குச் சமைப்பவள். ஆனால் உளுந்து வடைக்கு அவள் கட்டைவிரலால் ஓட்டை போட்டால், அளந்து போட்டது மாதிரி அத்தனை வட்டமாக விழும். வடை தட்டுகிற கை, ஓட்டை போடுகிற விரல். கண்ணை மூடிக்கொண்டாலும் தவறாது. இந்த விரலை மட்டும் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நம்மைப் படாதபாடு படுத்தப்போகிறது.

அவள் புருஷன் மாசிலாமணி கப்பலில் மாலுமி. ஒரு தடவை கப்பல் திசை மாறி, ஏழு கடல் தாண்டி, நைஜீரியா என்ற தேசத்தில் போய் நின்றது. அந்தத் துறைமுகத்தில் அடுன்னி என்ற அம்மாள் பெரிய சட்டியில் எண்ணெய் காயவைத்து, பஞ்சுருண்டை போல ஒன்றைப் பொரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அதன் பேர் அக்காரா. வாங்க வந்தவர்கள் வரிசையில் நின்றார்கள். அவள் கைப்பக்குவத்தை ஒன்றுவிடாமல் பார்த்தபடி மாசிலாமணியும் நின்றான். அதே கப்பலில் வந்திருந்த இடும்பகேசன் என்ற மந்திரவாதி மட்டும் எல்லோரையும் இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னால் போனான்.

"வரிசையில நில்லும்" என்றாள் அடுன்னி.

"நான் யார் தெரியுமா?"

"பசியோட வந்தவர். பின்னால நில்லும்."

இடும்பகேசனுக்கு முகம் செத்துவிட்டது. அந்த மண்ணில் அவன் மந்திரம் பலிக்காது. அதனால் ஒன்றும் தின்னாமல், பல்லைக் கடித்துக்கொண்டு கப்பலேறினான். நடுக்கடலில் பார்த்தால், மாசிலாமணி ஓர் இலைப்பொட்டலத்தை மடியில் வைத்து யாரும் தொடாமல் காத்துக்கொண்டிருக்கிறான்.

"கொடு அதை."

"முடியாது. என் பெண்டாட்டிக்கு எடுத்துட்டுப் போறேன்."

"அப்படி என்னடா அதிசயம் அது?"

"அக்காரா!" என்றான் மாசிலாமணி பெருமையாக.

அவ்வளவுதான். மந்திரவாதி பொட்டலத்தைப் பிடுங்கிக் கடலில் எறிந்தான். விரலைச் சொடுக்கினான். மாசிலாமணி சாம்பல் நிறக் கிளியானான். வால் மட்டும் வெற்றிலை போட்ட வாய் போலச் சிவப்பு. கடைசியாகச் சொன்ன சொல் ஒன்றுதான் அவன் நாக்கில் மிச்சம்.

கப்பல் கரை சேர்ந்ததும் இடும்பகேசன் கிளியைக் கொண்டுவந்து பவளாயி கையில் வைத்தான். "இதுதான் உன் புருஷன். இது சொல்லுகிற சொல் என்னவென்று கண்டுபிடி. அதை உன் கையால் இதன் வாயில் வை. வாயில் வைப்பது மூன்று முறைதான். மூன்றும் தவறினால் கிளி என் கூண்டுக்கு."

ஊரே நடுங்கி நின்றது. பவளாயிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதாள். அழுதுகொண்டே கேட்டாள்: "நான் ஜெயிச்சா?"

அவனிடம் இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. விழுந்து விழுந்து சிரித்தான். "ஜெயித்தால் இந்த மந்திரம் என் தலையிலேயே விழட்டும்!"

"சொன்ன சொல் மாறக் கூடாது" என்றாள் பவளாயி.

கிளி கூவியது: "அக்காரா!"

உங்களுக்கு நான் முன்னாலேயே சொல்லிவிட்டேன். பவளாயிக்கு யார் சொல்வது? கப்பலில் வந்தவர்கள் எல்லாம் மந்திரவாதிக்குப் பயந்து வாயில் பூட்டுப் போட்டுக்கொண்டார்கள். ஊர் கூடி யோசித்தது. "அக்கரைங்குது. அக்கரைக்குப் போகணுமாம்" என்றார்கள். பவளாயி தோணி பிடித்துக் கழிமுகத்தின் அக்கரைக்குக் கூட்டிப்போனாள். கிளி அவள் தலையில் நறுக்கென்று கொத்தியது. "அக்கறையாப் பார்த்துக்கலையாம்" என்றார்கள். மெத்தை போட்டாள், விசிறினாள், காலைப் பிடித்துவிட்டாள். கிளி மெத்தையைக் கிழித்துப் பஞ்சைப் பறக்கவிட்டது. "அட, அக்காவைத் தேடுது!" என்றார்கள். பக்கத்து ஊரிலிருந்து மாசிலாமணியின் அக்கா பேச்சியம்மாள் வந்து சேர்ந்தாள். கிளி அவளைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டது.

"தம்பிக்கு என்னைக்குத்தான் என்மேல பாசம் இருந்துச்சு" என்று மூக்கைச் சிந்தினாள் பேச்சியம்மாள். வந்தது வந்தாகிவிட்டது என்று குழம்புக்குக் காராமணியை ஊறப்போட்டாள். வெள்ளை உடம்பும் கறுப்புக் கண்ணுமாக இருக்குமே, அந்தக் காராமணி.

ஊறிய பயறைக் கண்டதும் கிளி தலைகால் புரியாமல் குதித்தது. ஒரு மணியை எடுத்தது, தோலை உரித்தது, துப்பியது. "அக்காரா!" இன்னொரு மணி. உரித்தது, துப்பியது. "அக்காரா!" அப்புறம் வாணலியின் விளிம்பில் போய் நின்று சிறகடித்தது. "அக்காரா! அக்காரா!"

பவளாயி எழுந்து நின்றாள். "மதினி, அது கரையும் இல்லை, அக்காவும் இல்லை. ஏதோ பலகாரம்!"

"ஏளா, பேர் தெரியாத பலகாரத்தை எப்படிச் சுடுவே?"

"பேர்தான் தெரியுதே. மத்ததை அடுப்புகிட்ட கேட்டுக்கிடுதேன்."

செய்தி மந்திரவாதி காதுக்குப் போய்விட்டது. வாசலில் வந்து நின்றான். "பொம்பளே, அந்த நாட்டு எண்ணெய் உன்னிடம் இல்லை. அந்த நாட்டு மிளகாய் இல்லை. பார்க்காததை, தின்னாததை நீ சுடப்போகிறாயா? தெரிந்த வடையைச் சுட்டுக்கொண்டு பேசாமல் இரு."

"தெரிஞ்சது எங்கே ஓடிப்போகுது? தெரியாததைத்தான் சுடுவேன். வெயில்ல நிக்காதீரும், உம்ம நிழல் அடுப்பை மறைக்குது."

முதல் முறை சுட்டாள். பழக்க தோஷம், பருப்பு வடை நினைப்பில் தோலோடு கரகரவென்று அரைத்துவிட்டாள். உப்பையும் முதலிலேயே போட்டாள். எண்ணெயில் போட்டதும் அது கல்லாக அடியில் உட்கார்ந்தது. ஒரு விள்ளலைக் கிளியின் வாயில் வைத்தாள். கிளிக்கு மனுஷக் கால் இரண்டு முளைத்தது. கிளி உடம்பு, மாலுமிக் கால்! வீட்டைச் சுற்றித் திடுதிடுவென்று ஓடியது. ஒரு சுற்று முடிவதற்குள் கால்கள் மறைந்து போயின.

"ஒன்று போச்சு" என்றான் இடும்பகேசன்.

"காலாவது வந்துச்சே. வழி சரிதான்" என்றாள் பவளாயி.

இரண்டாம் முறை கிளியைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டாள். அது உரித்துக் காட்டியது போலப் பயறு முழுவதையும் தேய்த்துத் தேய்த்துத் தோலைக் கழுவிவிட்டாள். வெங்காயமும் மிளகாயும் சேர்த்து ஆட்டுக்கல்லில் வெண்ணெயாக ஆட்டினாள். உப்புச் சிரட்டையை எடுத்தாள். கிளி காலால் எட்டி உதைத்தது. மாவுக்கு மேலே நின்று சிறகைப் படபடவென்று அடித்தது. "ஓ, முதல்ல அடிக்கணுமா? உப்பு கடைசியிலயா?" அடித்தாள், அடித்தாள், தோள் கழன்றுவிடும்போல அடித்தாள். மாவு நுரைத்துப் பொங்கியது. கடைசியில் உப்பைப் போட்டாள். கையில் எடுத்தாள், தட்டினாள். அவள் நினைக்கும் முன்பே கட்டைவிரல் நடுவில் ஓட்டை போட்டுவிட்டது. எண்ணெயில் விழுந்தது. வாசம் தெருவைத் தூக்கியது.

கிளி தின்றது. சாம்பல் இறகெல்லாம் உதிர்ந்தது. மாசிலாமணி நின்றான்! தலை, கை, கால், மீசை எல்லாம் சரியாக இருந்தன. வயிற்றின் நடுவில் மட்டும் வட்டமாக ஓர் ஓட்டை. அதன் வழியே பின்னால் தொங்கிய உறி தெரிந்தது. அவன் பேச வாயைத் திறந்தான். காற்று ஓட்டை வழியாகப் போய் உய்யென்று விசில்தான் அடித்தது. பவளாயி தொட ஓடினாள். கை படுவதற்குள் கிளியாகிவிட்டான்.

பவளாயி தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். கைக்கு எட்டியவனைத் தன் விரலே தொலைத்துவிட்டதே என்று நெஞ்சு வெந்தது. பேச்சியம்மாளும் அழுதாள். "போதும்ளா. கிளியாவாவது இருக்கட்டும். இன்னொரு தடவை தவறுனா அதுவும் போயிருமே. அவன் காலைப் பிடிச்சுக் கேட்டுக்கிடுவோம்."

"காலைப் பிடிக்கிறதா?" பவளாயி முகத்தைத் துடைத்தாள். "என் புருஷன் நடுக்கடல்ல தன்னந்தனியா நின்னு முடியாதுன்னு சொல்லியிருப்பாரு மதினி, இல்லைன்னா இவன் இவ்வளவு பண்ணமாட்டான். வீட்டுக்குள்ள நின்னுக்கிட்டு நான் சரின்னு சொல்லணுமா? பயறை ஊறப்போடுங்க."

இடும்பகேசன் மனதுக்குள் கணக்குப் போட்டான். இவளிடம் இனிக் குறை ஒன்றுதான், அந்த ஓட்டை. மூன்றாம் முறை மாவு நுரைத்துக்கொண்டிருந்தபோது ஜன்னல் வழியே அவள் கட்டைவிரலைப் பார்த்து ஒரு மந்திரம் ஊதினான். விரல் துள்ளியது! தானாக எழுந்து கண்டதற்கெல்லாம் ஓட்டை போட்டது. வாழையிலையில் ஓர் ஓட்டை. சாம்பல் குவியலில் ஓர் ஓட்டை. பேச்சியம்மாளின் கன்னத்தில் ஒரு குத்து.

"ஐயோ, என்னை ஏம்ளா குத்துதே?"

பவளாயி துள்ளுகிற விரலைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. தட்டினால்தானே இது ஓட்டை போடும்? முந்தானையில் ஒரு துண்டைக் கிழித்து, கட்டைவிரலை உள்ளங்கையோடு சேர்த்து இறுகக் கட்டினாள். இன்னொரு கையால் உப்பைப் போட்டாள். உறியிலிருந்து சிரட்டை அகப்பையை எடுத்தாள்.

"அகப்பையா!" மந்திரவாதி வாசலுக்கே ஓடிவந்துவிட்டான். "வடையைத் தட்டாமல் ஊற்றுவாளாம்! எந்த ஊர் வழக்கம் இது?"

"அவங்க ஊர் வழக்கமா இருக்கும். இன்னையிலேருந்து எங்க ஊர் வழக்கம்" என்றாள் பவளாயி. மாவை மொண்டு எண்ணெயில் விட்டாள். மாவு மூழ்கியது, எழுந்தது, உப்பியது, தானே புரண்டு பொன்னிறமாக மிதந்தது. உருண்டையான உருண்டை. கீறல் இல்லை, பள்ளம் இல்லை.

இடும்பகேசன் சட்டிக்குள் எட்டிப் பார்த்தான். கண் பிதுங்கியது. "ஓட்டை! எங்கேடி ஓட்டை? ஓட்டை!"

பவளாயி சூடு பொறுக்க ஊதி ஊதி, கிளியின் வாயில் வைத்தாள். கிளி கண்ணை மூடித் தின்றது. இறகு உதிர்ந்தது. மாசிலாமணி நின்றான், முழுதாக. பவளாயி அவன் வயிற்றில் கையை வைத்து அழுத்திப் பார்த்தாள். கை அந்தப் பக்கம் போகவில்லை. அப்போதுதான் அவளுக்கு மூச்சு வந்தது. சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. வாசலில் படபடவென்று ஒரு சத்தம். மந்திரவாதி நின்ற இடத்தில் சாம்பல் நிறக் கிளி ஒன்று கழுத்தை நீட்டிக் கத்தியது: "ஓட்டை!"

மாசிலாமணி சட்டியிலிருந்து ஒன்றை எடுத்து இரண்டாகப் பிட்டான். பெரிய பாதியைப் பவளாயி கையில் வைத்தான். "உனக்குன்னு அங்கேயிருந்து எடுத்துட்டு வந்தேன். கடலுக்குப் போயிருச்சு." அவள் தின்றாள். தான் சுட்டதை அவள் ருசி பார்த்தது அப்போதுதான். அவனும் தன் பாதியை மென்றான். ஒரே சொல்லை வைத்துக்கொண்டு தவித்தவன், தொண்டையைச் செருமினான்.

"உப்பு கொஞ்சம் கம்மி."

பவளாயி கட்டைவிரல் கட்டை அவிழ்த்தபடி அவனைப் பார்த்தாள். "அடுத்த ஈடு நீங்க சுடுங்க. அகப்பை அங்கே இருக்கு."

அவன் சுட்டான். ஊரார் ஒவ்வொருவராக வந்தார்கள். வாயில் பூட்டுப் போட்டிருந்த கப்பல்காரர்களும் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார்கள். பவளாயி யாரையும் விரட்டவில்லை. வரிசையில் மட்டும் நிற்கச் சொன்னாள். வரிசையின் கடைசியில் அந்தச் சாம்பல் கிளியும் நின்றது. அதன் முறை வந்தபோது அதற்கும் ஒன்று கொடுத்தாள். தின்று பார்த்துவிட்டு, என்ன சொல்ல நினைத்ததோ பாவம், வாயைத் திறந்தால் வந்தது ஒன்றுதான்: "ஓட்டை!"

அவர்கள் அடுப்பு அணையவில்லை, நம் கதை ஆறிவிட்டது. எழுந்து கையைக் கழுவுங்கள்.