சிங்கம் என்று மூன்று பேர்

கலந்தாய்வு நாள். கல்லூரிக் கூடத்தில் மாணவர்கள் கணினி முன்னால் தவித்துக்கொண்டிருந்தார்கள். சாயங்காலத்துக்குள் பாடப்பிரிவைத் தேர்ந்தெடுக்காவிட்டால் இடம் போய்விடும், திரையோ நகரவில்லை. எல்லாக் கணினிகளும் இணையத்துக்குப் போக ஒரே ஒரு ப்ராக்ஸி சர்வர்தான் வழி. கணினி மையத் தலைவர் சௌந்திரபாண்டியன் அதற்குச் 'சிங்கம்' என்று பெயர் வைத்திருந்தார்.

அவர் ஒப்பந்த ஊழியர் இசக்கியம்மாளைக் கூப்பிட்டார். "கூடத்துக் கணினி ஒன்றையும் தொடாதே. சிங்கம்ங்கிற பெயரையும் மாற்றாதே. ஆனால் இப்பவே வேகம் வரணும். வராவிட்டால் நாளையிலிருந்து நீ வேலைக்கு வரவேண்டாம்."

"பெயரை மாற்ற மாட்டேன் சார்," என்றவள் ஓடினாள். பழைய சாமான் அறையில் கிடந்த இரண்டு சர்வர்களைத் தூசி தட்டி ஓடவிட்டாள். பெயரைக் கேட்டால் முகவரி சொல்லும் டிஎன்எஸ்ஸில், சிங்கத்துக்கு நேராக அவற்றின் முகவரிகளையும் சேர்த்தாள். அதன்பின் 'சிங்கம் எங்கே?' என்று கேட்ட கணினிகளுக்கு டிஎன்எஸ் முறைவைத்து ஒவ்வொரு முகவரியாகச் சொன்னது. நெரிசல் மூன்றாகப் பிரிந்தது. திரைகள் நகர்ந்தன.

பதறிக்கொண்டு வந்த முதல்வரிடம் தலைவர் மார்தட்டினார். "என் சிங்கம் ஒன்றே போதும் சார். மற்றதெல்லாம் பழைய இரும்பு."

"அதைக் கொஞ்சம் காட்டும்மா," என்றார் முதல்வர், பக்கத்தில் நின்ற இசக்கியம்மாளிடம்.

"எந்தச் சிங்கத்தை சார்?" என்று பணிவாகக் கேட்டாள் இசக்கியம்மாள். "பெயரை மாற்றாதே என்றார், மாற்றவில்லை. பழைய இரும்புக்கும் அதையே வைத்துவிட்டேன்."

முதல்வர் சிரிப்பை அடக்கிக்கொண்டு தலைவர் பக்கம் திரும்பினார். "நாளைக்கும் கலந்தாய்வு இருக்கு. இந்தப் பெண் சொல்றபடி செய்யுங்க."