அணையாத டார்ச்

"அணையாத டார்ச் ஒண்ணு வேணும் டீச்சர்," என்றார் இருதயராஜ்.

"சூரியனே ஆறரை மணிக்குக் கடையைச் சாத்திடுது அண்ணே," என்றாள் சம்ஷாத்.

ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரானிக்ஸ் சொல்லிக்கொடுத்தவள் அவள். இப்போது அணைக்கட்டுக்குப் போகும் சாலையில் டார்ச் ரிப்பேர் கடை வைத்திருக்கிறாள். அவரைவிடப் பதினைந்து வயது சின்னவள். ஆனாலும் ஊருக்கே அவள் டீச்சர்தான்.

இருதயராஜ் சிரிக்கவில்லை.

அணைச் சுவருக்குள்ளேயே ஒரு சுரங்கப் பாதை உண்டு. தினமும் மத்தியானம் இரண்டு மணிக்கு அதில் இறங்கி, கசிகிற தண்ணீரை அளந்து எழுதுவது அவர் வேலை. சுவருக்கு அந்தப் பக்கம் எழுபது அடித் தண்ணீர் நிற்கிறது.

போன செவ்வாய்க்கிழமை அவர் உள்ளே இருக்கும்போது கரண்ட் போனது. டார்ச்சைப் போட்டார். நாலு நிமிஷம் எரிந்து அதுவும் போனது. ஒன்றரை மணி நேரம் சுவரைத் தடவித் தவழ்ந்துதான் வெளியே வந்தார்.

அன்றிலிருந்து சுரங்கத்தின் இரும்புக் கேட்டைத் தொட்டாலே கை நடுங்குகிறது. நேற்று அளக்காமலே திரும்பிவிட்டார். அணையோ நிரம்பிக்கொண்டிருக்கிறது.

"இன்னிக்கும் போகலைன்னா எவ்வளவு கசியுதுன்னு யாருக்குமே தெரியாது டீச்சர். கீழே என் வீடும் இருக்கு. ஆனா பயமா இருக்கு. ரொம்பப் பயமா இருக்கு."

சம்ஷாத் அவருடைய பித்தளை டார்ச்சைத் திறந்தாள். தீய்ந்த வாடை அடித்தது. குண்டு பல்பைக் கழற்றிவிட்டு அவரே எல்.இ.டி. மாட்டியிருந்தார்.

"ரெண்டு லித்தியம் செல் போட்டீங்களா?"

"பவர் ஜாஸ்தியா இருந்தா நல்லதுதானேன்னு..."

"மூணு வோல்ட் குடிக்கிறதுக்கு ஏழு வோல்ட்டை ஊத்தியிருக்கீங்க. விரலுக்கேத்த வீக்கம் வேண்டாமா?"

அவள் வேறு இரண்டு டார்ச்சுகளை எடுத்து வைத்தாள். இரண்டிலும் எல்.இ.டி.தான்.

"இதுக்கு ஒரே ஒரு லித்தியம் செல். கடைசி நிமிஷம் வரைக்கும் ஒரே மாதிரி வெளிச்சம். அதுக்கு ரெண்டு சாதா செல். செல் இறங்க இறங்க வெளிச்சமும் இறங்கும்."

இருதயராஜ் யோசிக்கவே இல்லை. முதல் டார்ச்சை எடுத்துக்கொண்டார்.

"பின்னாடி குடோன் இருக்கு. ஜன்னல் கிடையாது. கதவைச் சாத்திக்கிட்டு, கோடிச் சுவரைத் தொட்டுட்டு வாங்க."

போனார். கதவு சாத்திக்கொண்டது.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அய்யோ மாதாவே!" என்று ஓர் அலறல். ஏதோ தகரம் உருண்டது. சம்ஷாத் எழுந்திருக்கவில்லை.

முட்டி சிராய்ந்து, சட்டையெல்லாம் ஒட்டடையாக வந்து நின்றார்.

"பளிச்சுனு எரிஞ்சுகிட்டிருந்தது டீச்சர். கோடிச் சுவர்கிட்ட போனதும் பட்டுனு போயிடுச்சு."

"தீரப்போற செல்தான் போட்டிருந்தேன். இப்ப அதை எடுத்துட்டுப் போங்க. அதிலேயும் தீரப்போற செல்தான்."

மாட்டேன் என்று தலையாட்டினார். அவள் டார்ச்சை நீட்டியபடியே இருந்தாள். வாங்கிக்கொண்டு போனார்.

இந்தத் தடவை அலறல் இல்லை. தடதடவென்று ஓடி வரும் சத்தம்தான் கேட்டது. கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து மூச்சு வாங்கினார். கையிலிருந்த டார்ச் இன்னும் லேசாக எரிந்தது.

"லைட்டுதான் எரியுதே. ஏன் ஓடி வந்தீங்க?"

"மங்க ஆரம்பிச்சுது டீச்சர். பயந்துட்டேன்."

சம்ஷாத் அந்த டார்ச்சை வாங்கி, புதிதாக இரண்டு செல் போட்டாள்.

"பயந்ததாலதான் வெளிச்சம் இருக்கும்போதே வெளியே வந்தீங்க. இந்த ரெண்டு செல்லும் ஒண்ணா வாங்கினது. பழசையும் புதுசையும் கலக்காதீங்க. மணி ஒண்ணே முக்கால். கிளம்புங்க."

இருதயராஜ் டார்ச்சை வாங்கிக்கொண்டார். வாசல் தாண்டியவர் நின்றார்.

"கை இன்னும் நடுங்குது டீச்சர்."

"நடுங்கட்டும். உள்ளே போன பிறகு நடுக்கம் நின்னுட்டா, உடனே திரும்பி வந்துடுங்க."