தவசிலிங்கம் கொடுவா பிடித்த விதம்

கட்டாரிக்குளத்தில் மூன்று பேர் இருந்தார்கள். இருந்தார்கள் என்பதற்கு மேல் அவர்களைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மூத்தவன் தவசிலிங்கம். அவன் சொல்வதற்கெல்லாம் தலையாட்ட ஒரு கொம்பையா. கொம்பையா ஆட்டுவதைப் பார்த்து ஆட்ட ஒரு பூலுடையார்.

தவசிலிங்கத்தின் அக்காள் மகளுக்குக் கல்யாணம் பேசி முடிக்க, மாப்பிள்ளை வீட்டார் மதியச் சாப்பாட்டுக்கு வருவதாக ஏற்பாடு. மலையோரத்து ஊர்க்காரர்கள். மீனையே அதிகம் கண்டறியாதவர்கள். கோழி அடித்துக் குழம்பு வைக்கலாம் என்றாள் அக்காள் பேச்சித்தாய். தாய்மாமன் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"கோழி எவனும் போடுவான்க்கா. நான் ஆத்துக்குப் போயி கை நீளத்துக்கு ஒரு கொடுவா மீனு பிடிச்சிட்டு வாரேன். நீ புளியைக் கரைச்சு வை."

"மீனோட வரலைன்னா இந்த வாசப்படி மிதிக்கப்படாது, பாத்துக்க."

அதுவரை அவன் பிடித்ததெல்லாம் சளிதான். ஆனாலும் விடியக்காலையில் கூட்டாளிகளோடு கிளம்பினான். ஆறு கடலில் விழுகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால், வாய்க்கால் பாலத்தடியில் அந்தோணியம்மாள் தூண்டில் கடை வைத்திருந்தாள். வெள்ளி நிறத்தில் விரல் நீள ரப்பர் மீன் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். அதன் வயிற்றில் மூன்று தூண்டில் முட்கள் தொங்கின.

"இது பொய் மீன். கொடுவாக்குப் பாக்க உயிர் மீன் மாதிரி இருக்கணும். உங்க நிழல் தண்ணியில விழப்படாது. கடிச்சதும் வெடுக்குனு இழுக்காம, கொஞ்ச நேரம் விளையாட்டுக் காட்டிக் களைக்க விடுங்க. அவ்வளவுதான்."

மூன்று பேருக்கும் அவ்வளவே அதிகம்.

"உயிர் மீனுன்னா தண்ணியில இருக்கணுமே," என்றான் கொம்பையா. உடனே ஒரு சட்டி தேடிப் பிடித்து, தண்ணீர் ஊற்றி, ரப்பர் மீனை அதில் விட்டுச் சுமந்தார்கள். பூலுடையார் மடியிலிருந்த பொரியை எடுத்துத் தூவினான். மீன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"புது ஆளுகள்லா, கூச்சப்படுது," என்றான் தவசிலிங்கம்.

கரைக்கு வந்தால் வெயில் முதுகில் அடிக்கிறது. மூன்று நிழலும் தண்ணீரில் நீளமாக விழுந்தன. கால் மணி நேரம் யோசித்தார்கள். கடைசியில் தவசிலிங்கம் கொண்டுவந்திருந்த குடையை விரித்துப் பிடித்தான்.

"இப்ப விழுறது யாரு நிழல்?"

"குடை நிழல், அண்ணாச்சி."

"அதை அவ வேண்டாம்னு சொன்னாளா?"

"சொல்லலியே!" கொம்பையா கண்ணில் நீர் கோத்துவிட்டது. இப்படி ஒரு அறிவாளி பிறந்த ஊரில் நாமும் பிறந்தோமே என்று.

தவசிலிங்கம் ரப்பர் மீனைத் தூண்டிலில் மாட்டி வீசினான். எந்தக் கடவுளுக்கு அன்றைக்கு வேறு வேலை இல்லையோ தெரியவில்லை, கழி வில்லாக வளைந்தது. கொடுவாதான்! தவசிலிங்கத்துக்கு அக்காள் முகம் கண்ணில் வந்தது.

"இழுக்காதீங்க அண்ணாச்சி! விளையாட்டுக் காட்டணும்!"

"என்ன விளையாட்டுடே?"

"அது இதுன்னு அவ சொல்லலை. கபடி?"

எல்லாரும் ஆடப் போனால் கழியை யார் பிடிப்பது? கொம்பையா வேட்டியை அவிழ்த்துக் கழியை உடைமரத்தில் கட்டினான். பிறகு கோவணத்தோடு 'கபடி கபடி' என்று பாடிக்கொண்டு போனான். பூலுடையார் அவன் காலைப் பிடித்தான். தவசிலிங்கம் குடையோடு நடுவராக நின்று, "மீனுக்கு மறைக்காதீங்கடே, தள்ளி ஆடுங்க!" என்று அதட்டினான். பாவம் கொடுவா, மரத்தோடு மல்லுக்கட்டியே களைத்துப் போய்த் தானாகக் கரை ஒதுங்கியது. ஐந்து கிலோ இருக்கும்.

அத்தோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். தவசிலிங்கம் யோசிக்க ஆரம்பித்துவிட்டான்.

"விரல் நீளத்து மீனைப் போட்டா கை நீளத்து மீன் வந்துச்சு. அப்ப கை நீளத்து மீனைப் போட்டா?"

"ஆள் நீளத்துக்கு வருமே!" இருவரும் துள்ளினார்கள்.

ரப்பர் மீனைக் கழற்றிச் சட்டியில் பத்திரமாக விட்டார்கள். கொடுவாவைத் தூண்டில் நரம்பில் கட்டினார்கள். "இறுக்காதீங்க, அதுக்கு வலிக்கும்," என்றான் பூலுடையார். லேசாக ஒரு முடிச்சுப் போட்டு ஆற்றில் விட்டார்கள். நரம்பு துவண்டது.

"அவுத்துட்டுப் போயிட்டோ?"

"சே, பெருசைத் தேடிப் போயிருக்கு. வரும்."

உச்சி வெயில் வரை குடைபிடித்துக் காத்திருந்தார்கள்.

மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். பேச்சித்தாய் மகளுக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் புளிக்குழம்பு மீனுக்காகக் கொதித்துக்கொண்டிருந்தது. தவசிலிங்கம் சட்டியோடு கொல்லை வழியாக நுழைந்தான். சட்டியைப் பார்த்தான். மூன்று முள்தான், அதுவும் வெளியே. பிடுங்கிப் போட்டுவிட்டு ரப்பர் மீனைக் குழம்பில் போட்டான்.

பந்தியில் அது சம்பந்தி இலையில் விழுந்தது. பேச்சித்தாய் கண்ணால் கண்டதும் தூணைப் பிடித்துக்கொண்டாள். சம்பந்தி மென்றார். இந்தப் பக்கம் மென்றார், அந்தப் பக்கம் மென்றார். எல்லாரும் சாப்பிட்டுக் கை கழுவி வந்தும் அவர் மென்றுகொண்டிருந்தார். கடைசியில் வெளியே எடுத்து, துண்டில் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"ஒரு மணி நேரமாத் திங்கேன், ஒரு பொட்டுக் குறையலியே! இப்படி ஒரு மீன் வீட்டுல இருந்தா ஏழு தலைமுறைக்குக் காணும். பொண்ணைப் பிடிச்சிருக்கு. நகை நட்டு எதுவும் வேண்டாம், சீர்ல இந்த மீனை மட்டும் வச்சிருங்க."

பேச்சித்தாய் வாயைத் திறக்கும் முன்னே தவசிலிங்கம் நெஞ்சை நிமிர்த்தி எழுந்தான்.

"தாய்மாமன் சீரு ஒத்தையா வரலாமா சம்பந்தி? ஜோடியாத் தாரேன். குட்டி போடும்."