செங்கமலத்தின் விடுப்பு

நெடுங்கரை அரண்மனையில் யார் எத்தனை நாள் வீட்டில் இருக்கலாம் என்பதை ஓர் அலமாரிதான் முடிவு செய்யும். மூன்று வருஷத்துக்கு முன் திவான் சேதுப்பிள்ளை செய்வித்தது. ஆளுக்கோர் இழுப்பறை, மேலே பெயர். மாதம் பிறந்தால் ஒவ்வொன்றிலும் ஒரு புளியங்கொட்டை விழும். ஒரு நாள் விடுப்பு எடுத்தால் ஒரு கொட்டை போகும். "மனிதன் பொய் சொல்வான், அலமாரி சொல்லாது" என்பார் திவான். ராஜாவும் தலையாட்டுவார்.

யானைப்பாகன் இருளப்பனுக்கு மூன்று நாள் வேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமை மகளுக்குக் கல்யாணம்.

திவான் அவனுடைய இழுப்பறையைத் திறந்து காட்டினார். உள்ளே ஒரு சிலந்தி மட்டும் இருந்தது.

"போன ஆவணியில் ஒரு மாதம் படுத்துக் கிடந்தாயே."

"யானை காலை மிதிச்சிட்டுதுங்க."

"காரணத்தை அலமாரி கேட்காது. தவிர, யானை எங்கேயோ அங்கேதான் பாகன். நானே எழுதிய விதி."

இருளப்பன் வெளியே வந்து தூணில் சாய்ந்தான். பெற்றவன் இல்லாமலா தாலி ஏறும்?

அவைப்புலவர் ஏகாம்பரம் வெற்றிலை மென்றபடி வந்து விஷயத்தைக் கேட்டார். அலமாரி அறைக்குள் போய்ப் பெயர்களைப் படித்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் மெல்வதை நிறுத்தினார்.

மறுநாள் சபையில் அவர் ஒரு வேட்டியை விரித்தார். நடுவில் முறத்தளவு செம்மண் தடம்.

"என்ன ஓய் இது?" என்றார் ராஜா.

"விடுப்பு விண்ணப்பம், மகாராஜா. கையெழுத்துப் போடத் தெரியாதவள். கால் வைத்திருக்கிறாள்."

"யார்?"

"யானை செங்கமலம்."

திவான் சிரித்தார். "யானைக்கு ஏது ஓய் விடுப்பு?"

"அலமாரியைக் கேளுங்கள்."

இழுப்பறை வந்தது. 'செங்கமலம், பெண், வயது முப்பத்தொன்று.' அரண்மனையில் சாப்பிடுகிறவர்களின் பட்டியலைப் பார்த்துப் பெயர் எழுதிய குமாஸ்தா, சமையற்கட்டுப் பெண் யாரோ என்று நினைத்துவிட்டான். உள்ளே முப்பத்தாறு கொட்டைகள்.

"பாகனை மிதித்த அன்றுகூட வேலைக்கு வந்தவள்" என்றார் புலவர்.

ராஜா திவானைப் பார்த்தார். "அலமாரிதான் பொய் சொல்லாது என்பீரே. சரி, எங்கே போகிறாளாம்?"

"இருளப்பன் மகள் கல்யாணத்துக்கு."

"அப்போது இருளப்பன்?"

"அவனுக்கு ஏது விடுப்பு? யானை எங்கேயோ அங்கேதான் பாகன். பாவம், பந்தலிலும் அவனுக்கு வேலைதான்."

கூட்டத்தின் பின்னால் இருளப்பன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டான். திவான் சிலந்தியைப்போல் மூலையில் ஒடுங்கினார். ராஜா வயிறு குலுங்கச் சிரித்துத் தம் சால்வையை எடுத்துப் புலவருக்குப் போர்த்தினார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"இருளப்பா, பாயசம் உண்டா?"

"மூணு வகை, மகாராஜா."

"திவான், என் இழுப்பறையில் எத்தனை?"

"காலி, மகாராஜா. சபையில் கண்ணயர்ந்த நாட்களைக் கழித்துவிட்டேன்."

ராஜா பரிதாபமாகப் புலவரைப் பார்த்தார்.

"மகாராஜா எங்கே உட்கார்ந்தாலும் அதுதானே சபை" என்றார் புலவர். "பந்தலில் வந்து உட்காருங்கள், வேலைதான். பாயசம் வரும்வரை மட்டும் தூங்கிவிடாதீர்கள்."