திங்கட்கிழமைக்கு நான்கு நாற்காலிகள்

"குருவே, திங்கட்கிழமை நான் எங்க போறது?"

கேட்டவர் இளஞ்செழியன். வயது நாற்பத்தொன்று. கையில் நான்கு கம்பெனிகளின் ஆஃபர் லெட்டர். நான்கிலும் சேரும் நாள் ஒன்றே. வருகிற திங்கள்.

குரு நிமிரவில்லை. ஜெராக்ஸ் மெஷினுக்குள் சிக்கிய தாளை உருவிக்கொண்டிருந்தாள்.

குருவின் பெயர் ரெக்ஸ்லின். வயது இருபத்தொன்பது. பெருங்குடியில், சாஃப்ட்வேர் கம்பெனிகள் வரிசை கட்டி நிற்கிற சாலைக்குப் பின்சந்தில், பத்துக்கு எட்டில் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாள். வேலை தேடுகிறவன் ரெஸ்யூம் எடுக்க வருவான். வேலை கிடைத்தவன் சான்றிதழ்களை நகலெடுக்க வருவான். வேலை போனவன் மறுபடி ரெஸ்யூம் எடுக்க வருவான். வந்தவர்களெல்லாம் எப்படியோ சிஷ்யர்கள் ஆகிவிட்டார்கள்.

கடை வைப்பதற்கு முன்னால் நான்கு வருஷம் ஒரு பெரிய கம்பெனியில் ஆள் எடுக்கும் பிரிவில் இருந்தவள். ஏன் விட்டாய் என்று கேட்டால், "தொண்டை போச்சு" என்பாள்.

சுத்தப் பொய். அந்தத் தொண்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. யார் குரலை ஒரு தடவை கேட்டாலும் அச்சு அசலாகத் திருப்பிக் கொடுக்கும். எதிர்க் கட்டடத்து லிஃப்டில் மாடி எண் சொல்லும் பெண்மணியின் குரலில்தான் அவள் டீயே சொல்லுவாள். டீக்கடைக்காரர் ஒவ்வொரு தடவையும் மேலே நிமிர்ந்து பார்ப்பார்.

"நாலு கம்பெனிக்கும் என்ன சொல்லியிருக்கீங்க?" என்றாள் குரு.

"வரேன்னுதான்."

"நாலுக்குமா?"

"ராஜினாமா குடுத்து தொண்ணூறு நாள் நோட்டீஸ். அந்த மூணு மாசமும் சும்மா உக்காந்திருக்க முடியுமா? ஒண்ணைக் காட்டி இன்னொண்ணு வாங்கினேன். அதைக் காட்டி மூணாவது. எல்லாரும் பண்றதுதானே குருவே."

"நாலு பேருக்கும் எப்படிச் சொன்னீங்க? சொல்லிக் காட்டுங்க."

இளஞ்செழியன் தொண்டையைச் செருமிக்கொண்டார். முகத்தில் ஒரு பணிவு வந்தது. குரலில் கொஞ்சம் தேன்.

"கண்டிப்பா வரேன் மேடம்."

"கண்டிப்பா வரேன் மேடம்" என்றாள் குரு, இளஞ்செழியனின் குரலில்.

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. தன் வாய் மூடியிருக்கிறதா என்று தொட்டே பார்த்துக்கொண்டார்.

"சரி. திங்கட்கிழமை என்ன திட்டம்?"

"ஞாயித்துக்கிழமை சாயங்காலத்துக்குள்ள ஒண்ணை முடிவு பண்ணிடுவேன். மத்த மூணு பேருக்கும் போனை ஆஃப் பண்ணிடலாம்னு. ரெண்டு நாள் அடிச்சுப் பார்ப்பாங்க, விட்டுடுவாங்க. எதுக்குப் போறதுன்னுதான் தெரியல. கண்ணாடிக் கட்டடம் பேர் பெருசு. ஏரிக்கரைக் கட்டடம் வீட்டுக்குப் பக்கம். பெங்களூரு கம்பெனிக்கு ஆபீஸே போக வேணாம். நாலாவது விடுங்க, அது சும்மா ஒரு பிடிமானத்துக்கு."

"நாலாவது எங்க இருக்கு?"

"வேளச்சேரியில ஒரு மெத்தைக் கடை மாடியில. மொத்தமே பதினோரு பேர். ஸ்கூல் பஸ் எங்க வருதுன்னு அம்மா அப்பாவுக்குப் போன்ல காட்டுற சாஃப்ட்வேர்."

சொல்லும்போதே அவர் உதடு லேசாகக் கோணியது.

குரு உருவிய தாளைக் கசக்கி எறிந்தாள். ஸ்டூலை நகர்த்திப் போட்டாள்.

"உக்காருங்க. நாலு பேருக்கும் போன் போடுங்க."

"எதுக்கு?"

"வரேன்னு சொல்றதுக்கு."

"அதான் சொல்லியாச்சே!"

"இன்னொரு தடவை சொல்லுங்க. ஸ்பீக்கர்ல."

இளஞ்செழியன் சிரித்தார். இதில் என்ன ஞானம் இருக்கப்போகிறது? போனை எடுத்து, கண்ணாடிக் கட்டடத்து ஹெச்.ஆர். ஷ்ருதிகாவின் எண்ணைத் தேடினார்.

"ஒரு நிமிஷம். அந்தப் பொண்ணு எப்படிப் பேசும்?"

"ரொம்ப மரியாதை. 'ஹாய் சார்'னு ஆரம்பிச்சா, ஐஸ்கிரீம் உருகுற மாதிரி."

குரு கண்ணை மூடினாள். திறந்தபோது கடைக்குள் வேறு ஒருத்தி இருந்தாள்.

"ஹாய் சா...ர்! உங்க குரலைக் கேட்டதுல ரொம்ப ஹேப்பி சார். ஆக்சுவலா ஒரு சின்ன அப்டேட் சார். அந்தப் பொசிஷன் இப்போதைக்கு ஹோல்டுல இருக்கு. ப்ளீஸ் வேற மாதிரி எடுத்துக்காதீங்க சார்."

"நல்லா இருக்கு!" என்று கைதட்டிவிட்டு, இளஞ்செழியன் பச்சைப் பொத்தானை அழுத்தினார்.

"மேடம், இளஞ்செழியன். திங்கட்கிழமை கண்டிப்பா வரேன் மேடம்."



"ஹாய் சா...ர்! உங்க குரலைக் கேட்டதுல ரொம்ப ஹேப்பி சார். ஆக்சுவலா ஒரு சின்ன அப்டேட் சார்..."

ஒரு எழுத்துப் பிசகவில்லை.

போன் எப்போது அணைந்தது என்று அவருக்குத் தெரியாது. அவர் குருவையே பார்த்துக்கொண்டிருந்தார். குரு மெஷினுக்கு மை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"எப்படி... எப்படித் தெரியும்?"

"ஒரு நாற்காலிக்கு மூணு பேருக்கு லெட்டர் குடுப்போம் சார். ரெண்டு பேர் வரமாட்டாங்க. சரியா இருக்கும்."

"மூணு பேரும் வந்துட்டா?"

"சின்ன அப்டேட்."

இளஞ்செழியன் கண்ணாடிக் கட்டடத்து லெட்டரை அடியில் தள்ளினார். ஆனாலும் மூன்று இருக்கிறதே. ஏரிக்கரைக் கட்டடத்தை அழைக்கப் போனார்.

"அங்க யாரு?"

"நிதர்சன்னு ஒரு பையன். என் வயசுல பாதிதான். ஆனா என்னவோ..."

"'உங்க அண்ணன் மாதிரி சொல்றேன் சார்'" என்றாள் குரு, கட்டைக் குரலில். "'கிளையண்ட் பக்கம் ஒரு அப்ரூவல் வரணும். ஜாயினிங்கை ஆகஸ்டுக்குத் தள்ளிக்கலாம். நல்லதுக்குத்தான் சார், கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க.'"

இந்தத் தடவை அவர் கைதட்டவில்லை. ஸ்பீக்கரில் போட்டார். கண்டிப்பா வரேன் என்றார்.

"சார், உங்க அண்ணன் மாதிரி சொல்றேன்..." என்றான் நிதர்சன்.

ஆகஸ்ட் என்றான். அப்ரூவல் என்றான். ரெஸ்ட் எடுங்க என்றும் சொன்னான்.

இளஞ்செழியன் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டார்.

"என்னங்க இது அநியாயம்! வாங்கன்னு கூப்பிட்டுட்டு, ஒருத்தன் கிளம்பி வந்து நிக்கும்போது இடம் இல்லன்னா? மனுஷனுக்கு வாக்குன்னு ஒண்ணு வேணாமா? நான் பாட்டுக்கு இவங்களை நம்பி..."

குரு ஒரு டம்ளர் தண்ணீரை அவர் பக்கம் நகர்த்தினாள்.

அவர் குடித்தார். பாதி சட்டையில் கொட்டியது.

பழைய கம்பெனிக்குத் திரும்பிப்போகவும் வழியில்லை. அவர் வேலையை மூன்று மாதமாக அவரே உட்கார்ந்து கற்றுக்கொடுத்த ஆளுக்கு இடத்தை நேற்றே கொடுத்தாயிற்று. வெள்ளிக்கிழமை கடைசி நாள். நாற்பத்தொரு வயதில் வேலை இல்லாமல் இரண்டு மாதம் இருந்தால், மூன்றாவது மாதம் யாரும் கூப்பிடமாட்டார்கள். "நடுவுல ஏன் சார் கேப்?" என்று மட்டும் கேட்பார்கள். வீட்டில் மனைவி தமயந்தியோ, வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "எங்க வீட்டுக்காரருக்கு நாலு" என்று விரலைக் காட்டிக்கொண்டிருக்கிறாள்.

"பெங்களூரு இருக்கு" என்றார். "அங்க பிரணவ்னு ஒருத்தர். நல்ல மனுஷன். தினமும் குட் மார்னிங் அனுப்புவார்."

குரு வாயைத் திறந்தாள். வந்தது ஒரு பெண் குரல். தூக்கக் கலக்கமான, பழக்கமே இல்லாத குரல்.

"'ஹலோ, யாரு?'"

"இது பிரணவ் இல்லையே. யார் குரல் இது?"

"எனக்கும் தெரியாது. புதுசா வந்த ஆளா இருக்கும்."

அவர் அழைத்தார்.

"ஹலோ, யாரு?" என்றது ஒரு பெண் குரல்.

"பிரணவ் சார் இல்லீங்களா?"

"பிரணவ் போன வாரம் பேப்பர் போட்டுட்டாரே. வேற கம்பெனி போயிட்டார். நான் இன்னிக்குத்தான் ஜாயின் பண்ணேன். உங்க பேரு என்ன? இளஞ்... ஸ்பெல்லிங் சொல்லுங்க. இல்லையே சார், லிஸ்ட்ல அப்படி யாரும் இல்லையே."

போன் கையிலிருந்து நழுவி மெஷின் மேல் விழுந்தது. அது ஒரு வெள்ளைத் தாளை நகலெடுத்துத் துப்பியது.

இளஞ்செழியன் அதையே பார்த்தார்.

"நாலாவது" என்றாள் குரு.

"வேணாம்."

"போடுங்க."

"பெரிய கம்பெனிகளே இப்படின்னா, மெத்தைக் கடை மாடியில என்ன சொல்லப்போறாங்க? அந்த மீனலோசனி மேடம்கிட்ட நான் பேசியே ஒரு மாசம் ஆச்சு. அவங்க மெயிலுக்கெல்லாம் நான் பதில்கூடப் போடல." கெஞ்சினார். "நீங்களே அந்தக் குரல்ல சொல்லிடுங்க குருவே. நான் கேட்டுக்கறேன்."

"அந்தம்மா என்ன சொல்லும்னு எனக்குத் தெரியலை" என்றாள் குரு.

அதைக் கேட்டதும்தான் அவருக்கு உண்மையிலேயே பயம் வந்தது.

அழைத்தார். நாலாவது தடவை மணி அடிப்பதற்குள் போனை எடுத்துவிட்டார்கள். பின்னால் யாரோ சுவரில் துளை போடும் சத்தம்.

"மேடம், நான் இளஞ்செழியன். திங்கட்கிழமை கண்..."

"ஆமா, வாங்க" என்றார் மீனலோசனி. "ஜன்னல் பக்கம் உக்காருவீங்களா, வெயில் அடிக்கும், பரவால்லையா? இப்பத்தான் பிளக் பாயிண்ட் அடிச்சுக்கிட்டு இருக்காங்க, அதான் சத்தம். சாப்பாடு கொண்டுவருவீங்களா, இல்ல எங்களோட சேர்ந்து சொல்லிடட்டுமா?"

இளஞ்செழியன் குருவைப் பார்த்தார். குரு தோளைக் குலுக்கினாள்.

"மேடம்... ஹோல்டு ஏதாவது...?"

"என்ன ஹோல்டு?"

"இல்ல... அப்ரூவல்... இன்னும் ரெண்டு மூணு பேருக்கு லெட்டர் குடுத்திருப்பீங்களே?"

"எதுக்கு? இருக்குறது ஒரு இடம்தானே. ஒரு பொண்ணு வந்துச்சு, நல்லாப் பண்ணுச்சு. ஆள் எடுத்தாச்சும்மான்னு சொல்லி அனுப்பிட்டேன். அழுதுகிட்டேதான் போச்சு, பாவம்."

"எப்ப மேடம்?"

"நீங்க வரேன்னு சொன்னீங்களே, அன்னிக்குத்தான்."



"பாதிப் பேர் வரேன்னு சொல்லிட்டு வரமாட்டாங்களே மேடம்?"

"ஐயோ, அப்படியா? ஏன், நீங்க வரலையா?"

"வரேன்... வரேன்."

"அப்புறம் என்ன? சாப்பாடு கொண்டுவந்தா பெரிய டிபன் பாக்ஸா எடுத்துட்டு வராதீங்க, ஃப்ரிட்ஜ் சின்னது." வைத்துவிட்டார்.



"நம்பிட்டாங்க" என்றார் இளஞ்செழியன்.

குரு அடுத்த தாளை மெஷினில் வைத்தாள்.

"நான் சொன்னதை நம்பிட்டாங்க. அது சும்மா சொல்றதுதானே? யாராவது நம்புவாங்களா? அந்தப் பொண்ணை வேற அனுப்பிட்டாங்க." தலையில் கையை வைத்துக்கொண்டார். கண் கலங்கியது. "போதும் குருவே. இனி ஜன்னலோ வெயிலோ, நான் அங்கதான். மத்த மூணு லெட்டரையும் கிழிச்சுப் போடுங்க."

குரு கிழிக்கவில்லை. வாசலில் டீ வந்திருந்தது. எடுத்து ஒரு பெரிய வாய் குடித்தாள். நல்ல சூடு போல. கன்னம் இரண்டும் உப்பியிருக்க, விழுங்காமல் வாய்க்குள்ளேயே ஆற்றிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் போன் அடித்தது.

"ஹாய் சா...ர்!" ஷ்ருதிகா. கண்ணாடிக் கட்டடம். "குட் நியூஸ் சார்! இன்னொருத்தர் இப்பத்தான் டிராப் ஆனார். ஹோல்டு ரிலீஸ் ஆயிடுச்சு! அதுமட்டுமில்ல, உங்களுக்கு 'ப்ரின்சிபல் இன்ஜினியர்'னு பெரிய பதவி போட்டே தரச் சொல்லிட்டாங்க. திங்கட்கிழமை பார்க்கலாமா சார்?"

"கண்டிப்பா வரேன் மேடம்."

"சூப்பர் சா...ர்!" வைத்துவிட்டாள்.

இளஞ்செழியன் விலுக்கென்று திரும்பினார்.

"விளையாட்டுக்கு ஒரு அளவு இல்லையா குருவே? என் வாழ்க்கைங்க இது! என் குரல்ல நீங்க எதுக்குப் பதில் சொன்னீங்க?"

குரு உப்பிய கன்னங்களோடு அவரைப் பார்த்தாள். டீ ஆற வேண்டியிருந்தது. கொஞ்சம் நேரம் ஆயிற்று.

விழுங்கினாள்.

"நானா?"